ஆர்வி-9ஏ கவுலிங்: முதல் வெட்டு எங்கே போடுவது?

காராஜ்_கழுகு (ஒஹாயோ)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு காராஜில் ஆர்வி-9ஏ என்ற சிறு விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். லைகோமிங் ஓ-320 எஞ்சின், 160 குதிரைத்திறன். சென்செனிச்சின் நிலையான பிட்ச் (இதழ்க் கோணம் மாறாத) புரொப்பெல்லர் ஆர்டரில் இருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. எஞ்சின் மவுண்டில் ஏறிவிட்டது. கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் குழாய்களும் மாட்டியாயிற்று. அடுத்தது கவுலிங், அதாவது எஞ்சினைச் சுற்றி மூடும் கண்ணாடியிழைக் கூடு, மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டு துண்டு.

இறக்கை, வால், உடல் எல்லாம் அலுமினியம். தொழிற்சாலையிலேயே துளை போட்டு வந்த தகடுகள் என்பதால், துளைக்குத் துளை வைத்து கிளீகோ (தற்காலிகமாகப் பிடிக்கும் ஊசி) குத்திக்கொண்டே போனால் சட்டகம் தானாக நேராகிவிட்டது. கவுலிங்கில் பிடித்துக்கொள்ள ஒரு துளைகூட இல்லை. மேல்பாதியைத் தூக்கி வைத்தால் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) தாண்டி உடல் தகட்டின் மேல் ஏறி உட்காருகிறது. வெட்டுவதற்கென்று அச்சிலேயே ஒரு கோடு பதிந்து வந்திருக்கிறது. அதை நம்பி வெட்டலாமா? புரொப்பெல்லர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இணைப்புக்குப் பியானோ கீல் (கம்பி செருகிப் பூட்டும் நீளக் கீல்) போதுமா, இல்லை ஸ்கைபோல்ட் மாதிரி கால் திருப்பில் கழலும் ஃபாஸ்னர் வாங்க வேண்டுமா?

மூன்று கேள்வியையும் ஒரே இழையில் போட்டதற்கு மன்னிக்கவும்.

ஹாங்கர்_மாமா (டெக்சஸ்)

தம்பி, கட்டிங் வீலை முதலில் கீழே வையுங்கள்.

அச்சில் வரும் கோடு தோராயமானது. உங்கள் எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. கவுலிங்குக்கு அளவு ஸ்பின்னரிலிருந்துதான் (புரொப்பெல்லர் நடுவை மூடும் கூம்பு) வரும். ஸ்பின்னருக்குப் பின்னால் அந்தச் சின்ன இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும்படி முன்பக்கத்தை நிறுத்தினால், பின்பக்கம் எங்கே வந்து விழுகிறதோ அங்கேதான் வெட்டு.

புரொப்பெல்லருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்வி-9ஏ ஸ்பின்னர் 13 இஞ்ச் விட்டம். அதே விட்டத்தில் பிளைவுட் வட்டம் ஒன்று வெட்டி, எஞ்சின் ஃபிளேஞ்சில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். பேக்பிளேட்டின் (ஸ்பின்னரின் அடித்தட்டு) பின்முகம் எந்தத் தூரத்தில் வருமோ சரியாக அதே தூரத்தில் அந்த வட்டம் நிற்க வேண்டும். நிலையான பிட்ச் புரொப்பெல்லருக்கு ஸ்பேசர் (எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே வரும் துண்டு) உண்டு. அதன் நீளத்தை யார் சொல்லியும் நம்பாதீர்கள், நீங்கள் வாங்கிய ஸ்பேசரை அளந்து பாருங்கள். பிறகு வட்டத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அது ஆடினால் நீங்கள் எடுக்கிற எல்லா அளவும் பொய்.

இன்னொன்று. எஞ்சின் ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பேஃபிள் (குளிர்காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தகடுகள்) எல்லாம் ஏறியிருக்க வேண்டும், மவுண்ட் போல்ட்டுகள் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் நிமிர்ந்து நின்ற பிறகுதான் தையற்காரர் அளவு எடுப்பார். உலோகப் புரொப்பெல்லர் சுமார் 40 பவுண்டு. அது இன்னும் வராததால் ஃபிளேஞ்சில் அதே எடைக்கு மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அளவுகோல் (கலிபோர்னியா)

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது ரப்பர் மவுண்டுகள் எடை தாங்கித் தாங்கிக் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஸ்பின்னரின் நடுவைக் கவுலிங்கின் நடுவுக்கு மேலே 1/16 முதல் 1/8 இஞ்ச் வரை உயர்த்தி வைப்பார்கள். ஓடி அமுங்கிய பிறகு இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். இன்று கச்சிதமாக வைத்தால் ஒரு வருடத்தில் ஸ்பின்னர் தாடையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

இடைவெளி என்று எடுத்தால் எனக்கு 1/8 இஞ்ச் போதும். ஹாங்கர் வாசலில் நின்று பார்க்கும்போது கவுலிங்கும் ஸ்பின்னரும் ஒரே உருவமாகத் தெரிய வேண்டும்.

ஹாங்கர்_மாமா

அளவுகோல், 1/8 பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எஞ்சினை அணைக்கும்வரை. நான்கு சிலிண்டர் லைகோமிங் நிற்கும்போது கடைசி இரண்டு மூன்று சுற்றில் எப்படி உதறுகிறது என்று முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்த உதறலை ரப்பர் மவுண்ட் வாங்கிக்கொள்வதால்தான் உடல் தப்பிக்கிறது. கவுலிங்கோ உடலோடு நிற்கிறது, ஸ்பின்னர் எஞ்சினோடு ஆடுகிறது. எங்கள் விமான நிலையத்தில் ஒரு விமானத்தின் கவுலிங் மூக்கில் வட்டமாகப் பெயின்ட் தேய்ந்து வெள்ளை ஃபைபர் தெரியும். 1/4 வையுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் 3/16. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

அளவுகோல்

3/16-க்கு ஒத்துக்கொள்கிறேன். 1/4 எனக்குப் பொக்கை வாய் மாதிரி தெரிகிறது, என்ன செய்ய.

பிசின்_அக்கா (வாஷிங்டன்)

கம்பாசிட் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். கழுகு கையில் இருக்கும் பாதிகள் ப்ரீப்ரெக் எபாக்சி, அதாவது முன்கூட்டியே பிசின் ஊறிய கண்ணாடியிழைத் துணியில் செய்தவை. இரண்டு கண்ணாடியிழை அடுக்குக்கு நடுவில் தேன்கூடு மாதிரி அறை அறையான ஒரு அடுக்கு. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஓரங்களில் தேன்கூடு கிடையாது, அங்கே வெறும் கண்ணாடியிழை அடுக்குதான். கீல் உட்காரும் இடம் அதுதான். ஆகவே அளவுக்கு மீறி வெட்டினால் தேன்கூட்டுக்குள் போய்விடுவீர்கள். எங்காவது தேன்கூடு வெளியே தெரிந்தால் ஓரத்திலிருந்து 1/8 இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்சியில் பருத்தி இழைத்தூள் குழைத்து அடைத்துவிடுங்கள். திறந்து விட்டால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது.

பின் ஓரத்தைக் குறிக்க ஒரு வழி. கவுலிங்கை வைப்பதற்கு முன்பே உடல் தகட்டின் விளிம்பிலிருந்து சரியாக 2 இஞ்ச் பின்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் நெடுகப் புள்ளிகள் போட்டு வையுங்கள். கவுலிங் மேலே ஏறியதும் விளிம்பு மறைந்துவிடும், ஆனால் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 2 இஞ்ச் முன்னால் அளந்து கவுலிங்கின் மேல் குறித்தால் மறைந்த விளிம்பு அப்படியே மேலே வந்துவிடும். முதல் வெட்டை அந்தக் கோட்டுக்கு 1/16 இஞ்ச் வெளியே போடுங்கள். மிச்சத்தை நீளமான கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துக் கொண்டுவாருங்கள். வளைவுக்குக் குட்டைக் கட்டை எடுத்தால் ஓரம் அலை அலையாக வரும்.

கடைசியில் கவுலிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ஹாக்ஸா பிளேடு உரசாமல் ஓட வேண்டும். பெயின்டுக்கும் தடிமன் உண்டு. அதை மறந்து முட்ட முட்டப் பொருத்தினால் பெயின்ட் அடித்த பிறகு கவுலிங் உட்காராது, இல்லையென்றால் ஓரப் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

மூக்கில் நல்ல ரெஸ்பிரேட்டர் போடுங்கள். துணி முகமூடி கணக்கில் வராது. ஈரமான எபாக்சியைக் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாளுக்கும் போகாது. வேலை இடத்தில் அப்படித் துறையையே விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகி (நியூஜெர்சி)

வெளியிலிருந்து ஒரு கேள்வி. இது எஞ்சினை மூடும் மூடிதானே? இவ்வளவு பாடு எதற்கு? பணம் கொடுத்து ஒரு கடையில் செய்யச் சொல்லக் கூடாதா?

கணக்குப்பிள்ளை (மினசோட்டா)

மூடி என்றுதான் 1920-களில் எல்லாரும் நினைத்தார்கள். அதைவிட மோசம், பல ரேடியல் எஞ்சின்களில் குளிர வேண்டுமென்று சிலிண்டர்களைக் காற்றில் திறந்தே விட்டிருந்தார்கள். 1928-இல் நாகாவின் (நாசாவுக்கு முன்பிருந்த அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு) லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெட் வீக் குழு, எஞ்சினை முழுக்க மூடிக் காற்றை வழிநடத்தினால் இழுவை குறையும், குளிர்ச்சியும் கெடாது என்று காட்டியது. கர்ட்டிஸ் ஏடி-5ஏ விமானத்தில் அதைப் போட்டதும் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைல் ஆனது. எஞ்சினில் ஒரு குதிரைகூடக் கூட்டவில்லை. 1929-க்கான காலியர் விருது அதற்குத்தான் போனது.

நம் எஞ்சின்கள் படுத்த நான்கு சிலிண்டர், கவுலிங்கின் வேலை அதேதான். முன்னால் இரண்டு வாய் வழியாகக் காற்று மேலே வந்து தேங்கி, சிலிண்டர் செதில்களுக்கு நடுவே கீழே இறங்கி, பின்கீழே வெளியேறுகிறது. மேலே அழுத்தம், கீழே குறைவு. அந்த வித்தியாசம் போனால் குளிர்ச்சி போயிற்று.

கடைக்குக் கொடுப்பது பற்றி: அமெச்சூர் கட்டியது என்று எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) சான்று கொடுக்க, விமானத்தின் பெரும்பகுதியைப் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று பேச்சில் சொல்வது அதைத்தான். ஒரு வேலைக்கு உதவி வாங்கினால் குற்றமில்லை, மொத்தக் கணக்கு தேற வேண்டும். ஆனால் கவுலிங்கைக் கொடுத்தவர்கள் பெயின்டுக்குத்தான் கொடுப்பார்கள். பொருத்துவதைக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை.

காராஜ்_கழுகு

எல்லாருக்கும் நன்றி. பிளைவுட் வட்டம் வைத்து, மணல் மூட்டையும் கட்டிப் பார்த்தேன். (மனைவி படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டாள்.) இப்போது பிரச்சினை தெளிவாகத் தெரிகிறது. மேல்பாதியை உடலின் நடுக்கோட்டில் நேராக வைத்தால், ஸ்பின்னர் இடைவெளி இடதுபுறம் 5/16, வலதுபுறம் 3/16. கவுலிங்கைக் கொஞ்சம் திருகி வைத்தால் இரண்டும் 1/4 ஆகிறது, ஆனால் பக்கவாட்டுக் கோடு உடலோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே போகிறது. எதை நம்புவது?

அளவுகோல்

முதலில் எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்தின் இரண்டு பக்க விளிம்பிலிருந்தும் வாலின் நடு ரிவெட் வரை நூல் பிடித்து அளந்தால் தெரியும். வித்தியாசம் அதிகமென்றால் மவுண்டைப் பார்க்க வேண்டும். கவுலிங்கைத் திட்டிப் பயனில்லை.

பிசின்_அக்கா

அளவுகோல் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள். எஞ்சின் நேராக இருந்தால் பதில் எளிது. கவுலிங்கைத் திருக வேண்டாம்.

இந்த இழையில் ஆளுக்கொரு அளவு சொல்கிறோம், ஆனால் எந்த ஓரம் மன்னிக்கும், எந்த ஓரம் மன்னிக்காது என்று தெரிந்தால் பாதிக் கேள்வி தானே போய்விடும். பின் ஓரம் மன்னிக்காது. அது மெல்லிய அடுக்கு, பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி அலுமினியத் தகடு, ஒரு முடி அளவு பிசகினாலும் வெளிச்சத்தில் தெரியும். ஸ்பின்னருக்குப் பின்னால் இருக்கும் முன்முகம் மன்னிக்கும். அங்கே தேய்க்கலாம், ஏற்றலாம், யாருக்கும் தெரியாது. ஆகவே கவுலிங் உடலோடு நேராக நிற்கட்டும், பிசகு அத்தனையையும் முன்முகத்துக்குத் தள்ளுங்கள்.

முன்முகத்தைச் சரிசெய்ய: பிளைவுட் வட்டத்தின் பின்முகத்தில் 1/4 இஞ்ச் தடிமனுக்கு இன்னொரு வளையம் வைத்து, அதன் மேல் சுருக்கமில்லாமல் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். எபாக்சி அதில் ஒட்டாது. வலதுபுறம் வளையம் இடிக்கும், அங்கே 1/16 தேய்த்து விடுங்கள். இடதுபுறம் 1/16 பள்ளம் இருக்கும், அங்கே உப்புத்தாளில் சொரசொரப்பாக்கிவிட்டு, பருத்தி இழைத்தூள் குழைத்த எபாக்சியை அப்பி, வளையத்தோடு சேர்த்து அழுத்தி விடுங்கள். இறுகியதும் வட்டத்தைத் தட்டினால் கழன்று வரும். முன்முகம் ஸ்பின்னருக்கு அச்சு எடுத்தது போலவே வந்திருக்கும். உள்பக்கம் ஒரு அடுக்குக் கண்ணாடியிழை போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் அதிர்வில் அந்தப் பூச்சு விரிசல் விடும்.

ஹாங்கர்_மாமா

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு திருத்தம்: ஏற்றும் வேலையை இரண்டு பாதியும் பொருந்தி, மூக்கில் ஸ்க்ரூ போட்டு இணைத்த பிறகு செய்யுங்கள். மேல்பாதிக்குத் தனியாக, கீழ்பாதிக்குத் தனியாகச் செய்தால் நடுவில் படி விழும்.

காராஜ்_கழுகு

நூல் பிடித்துப் பார்த்தேன், எஞ்சின் நேராகத்தான் இருக்கிறது. அப்படியானால் அக்கா வழி. கீல் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே.

கணக்குப்பிள்ளை

கீலுக்கு முன் ஒரு கணக்கு. கடல்மட்டத்தில் 150 நாட் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர அடிக்குச் சுமார் 76 பவுண்டு. மேல்பாதி 6 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசி அழுத்தம் உள்ளே தேங்கினாலும் 340 பவுண்டு மேல்நோக்கித் தள்ளுகிறது. வெளியே வளைவின் மேல் ஓடும் காற்று வேறு உறிஞ்சும். இரண்டு கனமான ஆட்கள் உள்ளேயிருந்து தோளால் முட்டுவதாக நினைத்துக்கொண்டு இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பியானோ கீல் ஓரம் முழுக்க விசையைப் பரப்புகிறது. ஃபாஸ்னர் சில புள்ளிகளில் பிடிக்கிறது. ஃபாஸ்னர்களுக்கு நடுவே தூரம் அதிகமானால் பறக்கும்போது நடுவில் உப்பும். தரையில் பார்த்தால் அது தெரியாது.

எண்ணெய் பார்க்கும் சின்னக் கதவும் இதே காரணத்தால் காற்றில் வாயைத் திறக்கும். உள்பக்கம் விறைப்பாக ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

ஹாங்கர்_மாமா

நான் கீல் கட்சி. வெளியே ஒன்றும் தெரியாது, விலை குறைவு, எடை குறைவு. ஒரு பலவீனம் உண்டு: ஃபயர்வாலின் அடியில், காற்று வெளியேறும் வாயின் இரண்டு பக்கமும் வரும் குட்டைக் கீல்கள். அங்கே அதிர்வு அதிகம், கீலின் கண்கள் (கம்பி நுழையும் வளையங்கள்) ஒவ்வொன்றாக உடையும். நிறையப் பேர் அந்த இடத்தில் மட்டும் ஸ்க்ரூவும் நட்பிளேட்டும் (தகட்டில் பொருத்திய நட்) போட்டுவிடுகிறார்கள். நீங்களும் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

கீலுக்கும் உடல் தகட்டுக்கும் நடுவே மெல்லிய அலுமினியப் பட்டை வைக்க வேண்டியிருக்கும். கவுலிங் ஓரத்தின் தடிமன் தகட்டைவிட அதிகம். பட்டை வைக்காவிட்டால் கவுலிங் தகட்டுக்கு மேலே படியாக நிற்கும். துண்டு கவுலிங்கை வைத்து அளந்து பட்டையின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

அளவுகோல்

நான் ஃபாஸ்னர் கட்சி என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் மேல்பாதியைக் கழற்றி எஞ்சினைப் பார்ப்பவன் நான். கீலில் அந்த நீளக் கம்பிகளை உருவிச் செருகுவதற்குள் எனக்குப் பறக்கும் ஆசையே போய்விடும்.

பிசின்_அக்கா

இரண்டும் பறக்கின்றன, சண்டை வேண்டாம். கீல் போடுவதென்றால் கவனிக்க இரண்டு. ஒன்று, கண்ணாடியிழையில் ரிவெட்டை அலுமினியத்தில் அடிப்பது போல அடித்தால் அடுக்கு நசுங்கும். ஸ்க்வீசரில் மெதுவாக, தலை உட்காரும் அளவுக்கு மட்டும். வெறும் ரிவெட்டை நம்பாமல் கீலை எபாக்சியால் ஒட்டி, அதோடு ரிவெட் போடுங்கள். சிலர் ஹைசால் என்ற எபாக்சிப் பசையாலேயே முழுக்க ஒட்டிவிட்டு ரிவெட்டைக் குறைத்துவிடுகிறார்கள். பெயின்டுக்கு அடியில் ரிவெட் வரிசை நாளடைவில் எட்டிப் பார்க்காது என்பது அதில் லாபம். கீலின் அலுமினியத்தை நன்றாகச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

இரண்டு, துளை இடம். கீலில் முன்கூட்டியே துளை போட்டுவிட்டு, கவுலிங்கை மேலே வைத்து, பின்னாலிருந்து பலமான விளக்கு பிடியுங்கள். தேன்கூடு இல்லாத ஓரத்தில் கண்ணாடியிழை வெளிச்சத்தை விடும், துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதன் மேலேயே துளையிடலாம். பெயின்டோ பிரைமரோ அடித்துவிட்டால் இந்த வசதி போயிற்று.

குழல்விளக்கு (டொராண்டோ)

நடுவில் வருகிறேன். குளிர்காலத்தில் காராஜ் 5 டிகிரி செல்சியஸ், கோடையில் வெளியே 35. அலுமினியமும் ஃபைபரும் வெவ்வேறு அளவில் நீளுமே, இடைவெளி மாறாதா?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் நீளும். கண்ணாடியிழை எபாக்சிக்கு 13 என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி வித்தியாசம், ஒரு மீட்டர் அகலம்: 0.3 மில்லிமீட்டர். ஹாக்ஸா பிளேடு ஓடும் இடைவெளி விட்டிருந்தால் கவலை வேண்டாம். குளிரில் பயப்பட வேண்டியது எபாக்சிக்குத்தான். 5 டிகிரியில் அது இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். கழுகு, ஒட்டும் நாளில் காராஜைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ஹாங்கர்_மாமா

பேஃபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுலிங்கை வெட்டி முடித்ததும் எல்லாரும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பேஃபிள் தகடுகள் கவுலிங்கின் உள்பக்கத்துக்குக் கீழே 3/8 முதல் 1/2 இஞ்ச் வரை விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியை ரப்பர் பட்டை அடைக்கும். மூடிய கவுலிங்குக்குள் கையும் போகாது, கண்ணும் போகாது, அப்புறம் எப்படி அளப்பது? சாதாரணக் காகித கிளிப்புகள்தான். பேஃபிளின் மேல்விளிம்பில் நெடுக கிளிப்புகளைச் செருகி உயர்த்தி நிறுத்துங்கள். கவுலிங்கை மூடுங்கள். அது ஒவ்வொரு கிளிப்பையும் தேவையான அளவுக்குக் கீழே அழுத்தும். திறந்து பார்த்தால் கவுலிங்கின் உள்வளைவு கிளிப் தலைகளாலேயே வரைந்திருக்கும். அங்கேயிருந்து 1/2 இஞ்ச் கீழே கோடு போட்டு வெட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

ரப்பர் பட்டை உள்நோக்கி, அதாவது அழுத்தம் இருக்கும் பக்கம் மடிய வேண்டும். காற்று அதை கவுலிங்கோடு சேர்த்து ஒட்டும். வெளிப்பக்கம் மடித்தால் அதே காற்று பட்டையைத் தள்ளித் திறந்துவிடும், சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று ஓசியில் வெளியே போகும். மூலைகளில் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். ஹாங்கரை இருட்டாக்கி, காற்று வெளியேறும் வாய் வழியாகக் கீழேயிருந்து விளக்கு வைத்து, முன் வாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே காற்றும் கசியும்.

லைகோமிங் சிலிண்டர் தலைக்கு உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் வேகமான க்ரூஸில் 435-க்குக் கீழே, சிக்கன க்ரூஸில் 400-க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். புது எஞ்சின் ஆரம்பத்தில் சூடாகத்தான் ஓடும். அப்போது கசிவும் சேர்ந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாமல் மண்டை காயும்.

பிசின்_அக்கா

கீழ்பாதியை ஓட்டியபடி எக்ஸாஸ்ட் குழாய்கள் போகின்றன. ஃபைபரிலிருந்து ஒரு இஞ்ச் தூரம் கிடைத்தால் நல்லது, எஞ்சின் ஆட்டத்தையும் மனதில் வையுங்கள். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பல 60, 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ப்ரீப்ரெக் அதைவிடத் தாங்கும், ஆனால் நீங்கள் கையால் ஏற்றிய இடங்கள் தாங்காது. குழாய்க்கு நேரே உள்பக்கம் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியப் படலம் ஒட்டுங்கள்.

படலம் ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கம் முழுக்க மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்று கொடுத்துவிடுங்கள். ப்ரீப்ரெக்கில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், எண்ணெய் அதன் வழியாகத் தேன்கூட்டுக்குள் இறங்கும். ஊற்றிவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து வழித்து எடுத்துவிடுங்கள். துளைகளில் மட்டும் தங்கினால் போதும், மிச்சமெல்லாம் வீண் எடை. வெளிப்பக்கத்துத் துளைகளைப் பிரைமருக்கு முன்பே அடைக்க வேண்டும். பிரைமரே அடைத்துவிடும் என்று பெயின்ட் கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

சந்தேகி

மூடி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காராஜ்_கழுகு

மேல்பாதியின் பின் ஓரம் முடிந்தது. டேப் புள்ளி வழி நன்றாக வேலை செய்தது, ஹாக்ஸா பிளேடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிறது. ஃபயர்வாலைச் சுற்றிக் கீல் ஒட்டி ரிவெட்டும் போட்டாயிற்று. அடியில் மாமா சொன்னபடி ஸ்க்ரூ. இப்போது வளைவில் கீல் கம்பி பாதி வழியில் நின்றுவிடுகிறது. சுத்தியலால் தட்டப் பயமாக இருக்கிறது.

ஹாங்கர்_மாமா

தட்டாதீர்கள், கண் உடையும். கம்பியின் நுனியைத் தோட்டா மாதிரி கூராக, வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள், போய்விடும். முதல்முறை போய் வந்தபின் கண்கள் கொஞ்சம் பழகிவிடும், அடுத்த முறை கையாலேயே போகும். அப்படியும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ ஒரு கண்ணில் எபாக்சி வழிந்திருக்கிறது, ஊசியால் நோண்டிப் பாருங்கள்.

காராஜ்_கழுகு

எபாக்சிதான். மூன்று கண்களில். இப்போது கம்பி போகிறது.

அடுத்து கீழ்பாதி. மூக்குச் சக்கரக் காலுக்குப் பின்பக்கம் பிளவு வெட்ட வேண்டுமே, அதை எவ்வளவு அகலமாக வெட்டினால் கழற்றி மாட்ட வசதி?

அளவுகோல்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், படத்தோடு. காலுக்கு ஃபேரிங் (காற்றிழுவையைக் குறைக்கும் உறை) போடப் போகிறீர்களா இல்லையா என்பதையும் சொல்லுங்கள், அகலம் அதைப் பொறுத்தது.